பால்மரப் பலகையும் தீயும்

பால்மரச் சீவலை அழுத்திச் செய்த பலகையில் வீட்டுக்குள் தடுப்பு அடிக்கப்போகிறாராம், கோலா கிளாவாங் வாசகர் ஒருவர். 'தீப்பிடிக்காத ரகம்' என்கிறாராம் கடைக்காரர். நம்பலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

தீப்பிடிக்காத மரம் கிடையாது. தீயைத் தாமதப்படுத்தும் பலகை உண்டு. அதுவும் பால்மரத்தில் என்றால் தோட்டத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். பால் குறைந்து, 25, 30 வயதில் சாய்த்த மரத்தைப் புகைக்கொட்டகையில் எரித்துத்தானே ரப்பர் ஷீட்டைக் காயவைத்தார்கள்! அந்த விறகுதான் பிறகு நாற்காலியாகவும் பலகையாகவும் கப்பலேறியது.

என்னை மயக்குவது அதன் இனிப்பு. மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏராளம். வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும். வண்டு துளைத்து மாவாக்கும். அதனால், அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். கேரம் பலகையில் தூவுகிறோமே, அந்தப் பொடிதான் போரிக் அமிலம். வண்டுக்கு வைத்த இந்த மருந்து தீக்கும் ஆகாது! சூடேறினால் நீரை விட்டு, உருகி, நாரின்மேல் கண்ணாடிபோலப் படியும். மரம் எரிவாயுவாகக் கிளம்புவது குறைந்து, கரியாவது கூடும். அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். 1821-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக், நாடக அரங்கத் துணிகளுக்காக போராக்ஸையும் அமோனியம் பாஸ்பேட்டையும் சோதித்துப் பார்த்துவிட்டார்.

ஆனால் வண்டுக்குப் போதுமான அளவு தீக்குப் போதாது. பல மடங்கு வேண்டும். அவ்வளவு ஏற்றினால் பலகையில் பசையின் பிடி தளரும். சாரல் பட்டால் மருந்து கரைந்தும் ஓடும். 'மருந்தடித்த மரம்' என்று கடையில் சொன்னால், எதற்கு அடித்தது என்று கேட்க வேண்டும்.

சிமெண்டில் மரச்சீவல் கலந்த பலகை இன்னும் உறுதி. எடையில் பாதிக்குமேல் சிமெண்ட் என்பதால் எளிதில் பற்றாது. அங்கேயும் அந்த இனிப்பு குறுக்கே வரும். சர்க்கரை சேர்ந்தால் சிமெண்ட் இறுகாது. பால்மரச் சீவலை ஊறவைத்துச் சர்க்கரையைக் கழுவிய பிறகே கலக்க முடியும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன? மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டம் சுவர், உள்கூரைப் பரப்புகளில் தீ பரவுவதை வகைப்படுத்துகிறது. ஆனால் அடுப்புக்கு மேலே நாம் மாட்டும் மலிவு அலமாரியை யார் பார்க்கிறார்கள்? அதே பலகையில் சாமிமேடை, அதில் இரவெல்லாம் விளக்கு. நிறத்தையும் விலையையும் விசாரித்த வாய், தீயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வாசகர் கடைக்காரரிடம் தீச்சோதனைச் சான்றிதழ் கேட்கட்டும். காட்டாவிட்டால் சிமெண்ட் பலகை வாங்கலாம். கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,250 கிலோ இருக்கும், சாதாரணப் பலகையைப்போல இரு மடங்கு. தடுப்பின் மரச்சட்டம் தாங்குமா என்று முதலில் தச்சரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.