கரிசலைக் காக்கும் படிகம்

கோடைக் காலத்தில் இளையரசனேந்தல் வட்டாரத்துக் கரிசல் காட்டில் நடப்பவர்கள் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கையையே நுழைத்துவிடலாம். ஐப்பசியில் மழை விழுந்ததும் அதே வெடிப்புகள் மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும். மண் உப்பிப் பசையாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். இந்த மண்ணில்தான் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வருகின்றன.

முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இளையரசனேந்தல் இப்போது கோவில்பட்டி வட்டத்தைச் சேர்ந்தது. இவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும் பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களிலேயே பெய்து முடிந்துவிடும். இப்படி மழை குறைந்த இடங்களில் களிமண் நிலங்கள் நாளடைவில் களர் நிலங்களாக மாறிவிடும் அபாயம் உண்டு. இந்தியாவின் வேறு சில வறண்ட பகுதிகளில் கரிசல் மண்ணுக்கு அந்தக் கதி நேர்ந்தும் இருக்கிறது. கோவில்பட்டிக் கரிசல் மட்டும் அதிலிருந்து தப்பியது எப்படி? விடை, மண்ணுக்குள் மறைந்திருக்கும் ஒரு சாதாரணப் படிகத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஜிப்சம். சித்த மருத்துவ நூல்கள் இதனைக் கற்பூர சிலாசத்து என்று அழைக்கின்றன.

களிமண் என்னும் சீட்டுக்கட்டு

கரிசல் மண்ணில் மிகுந்திருக்கும் களிமண் கனிமத்துக்கு ஸ்மெக்டைட் என்று பெயர். ஒரு சீட்டுக்கட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டும் ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு நானோமீட்டர் அளவே பருமன் உள்ள தகடு. மழைநீர் இந்தத் தகடுகளின் இடையே புகும்போது கட்டு உப்புகிறது. நீர் வெளியேறினால் சுருங்குகிறது. ஐப்பசியில் மண் பொங்குவதும் சித்திரையில் வெடிப்பதும் இதனால்தான்.

இந்தத் தகடுகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உள்ளது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. அப்படியானால் தகடுகள் சிதறிப் போகாமல் ஒன்றாக இருப்பது எப்படி? மண்ணிலுள்ள நீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் கரைந்துள்ளன. அவை தகடுகளின் அருகே திரண்டு அவற்றின் மின்னூட்டத்தை மறைக்கின்றன. எந்த அயனி திரள்கிறது என்பதைப் பொறுத்தே மண்ணின் தலைவிதி அமைகிறது.

கால்சியம் அயனிக்கு இரண்டு மின்னூட்டம். அது தகட்டை ஒட்டி நெருக்கமாக நின்று மின்னூட்டத்தை நன்றாக மறைக்கிறது. அதனால் தகடுகள் நெருங்கிச் சிறு மணிகளாகத் திரள்கின்றன. சோடியம் அயனிக்கு ஒரே மின்னூட்டம். அது நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு தகட்டிலிருந்து விலகி, ஒரு மேகம்போல் பரந்து நிற்கிறது. அதனால் தகடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் சிதறுகின்றன. கூழ்மங்களைத் திரளச் செய்வதில் மின்னூட்டம் மிகுந்த அயனிக்கே வலிமை அதிகம் என்னும் ஹார்டி-ஷுல்ட்சே விதியை மேல்நிலை வகுப்பு வேதியியலில் படிப்பீர்கள். அந்த விதி சோதனைக் குழாயில் மட்டுமல்ல, நம் வயலிலும் செயல்படுகிறது.

பாதியானால் பதினாறில் ஒன்று

களிமண் சிதறினால் என்ன கேடு? சிதறிய துகள்கள் நீரோடு சென்று மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. ஒரு நுண்குழாயின் வழியே பாயும் நீரின் அளவு, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பாய்சூயி கண்டறிந்த விதி. மற்றவை மாறாதபோது, துளையின் ஆரம் பாதியானால் பாயும் நீர் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது!

வானம் பார்த்த பூமியில் இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். சில வாரங்களே பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கித் தேங்கினால்தான், மழை நின்ற பிறகும் பருத்திக்கு ஈரம் கிடைக்கும். துளைகள் அடைபட்டால் மழைநீர் மேலே தேங்கி ஓடிவிடும். வேர்ப் பகுதியோ காய்ந்தே கிடக்கும். மழை ஒன்றாக இருந்தும் ஒரு நிலம் விளைவதும் மற்றொன்று பொய்ப்பதும் இந்த நுண்துளைகளின் நிலையால் நேரலாம்.

மண்ணுக்குள் ஒரு வரிசை

வறண்ட நிலத்தில் மழைநீர் வெகு ஆழம் செல்வதில்லை. ஓரளவு இறங்கியதும் வேர்களும் வெயிலும் அதனை உறிஞ்சிவிடுகின்றன. நீர் போனாலும் அதில் கரைந்திருந்த உப்புகள் தங்கிவிடுகின்றன. எளிதில் கரையாதது முதலில் படிகிறது. எளிதில் கரைவது இன்னும் கீழே இறங்குகிறது.

கால்சியம் கார்பனேட் தூய நீரில் லிட்டருக்கு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு அளவே கரையும். ஜிப்சம் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் கரையும். சமையல் உப்போ லிட்டருக்குச் சுமார் 360 கிராம் கரையும். எனவே பொதுவாக மேலே சுண்ணாம்பு, அதற்குக் கீழே ஜிப்சம், அதற்கும் கீழே மற்ற உப்புகள் என ஒரு வரிசை அமைகிறது. கரிசலில் உழும்போது கிடைக்கும் சுக்கான்கற்கள் இவ்வாறு படிந்த சுண்ணாம்பே. நல்ல மழை பெய்யும் நாடுகளில் ஜிப்சம் கரைந்து அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஒரு மண்ணில் ஜிப்சம் தங்கியிருப்பதே அங்கு மழை குறைவு என்பதற்குச் சான்று எனலாம்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சுண்ணாம்பு படியப்படிய, மண்ணிலுள்ள நீரில் கால்சியம் குறைகிறது. சோடியத்தின் பங்கு தானாகவே உயர்கிறது. தகடுகளை ஒட்டியிருந்த கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. தகடுகளை ஒட்டிய மாற்று அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டி, மண்ணின் பி.எச். மதிப்பு 8.5க்கு மேல் சென்றால், அதனைக் களர் மண் என்று மண்ணியலார் கூறுவர்.

ஜிப்சம் உள்ள மண்ணில் நடப்பது வேறு. ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட். அது சிறிது சிறிதாகக் கரைந்து, சுண்ணாம்பாகப் படிந்துபோன கால்சியத்தை ஈடு செய்துகொண்டே இருக்கிறது. தகடுகளில் கால்சியம் அமர, விலகிய சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து மழைநீரில் கரைந்து கீழே போய்விடுகிறது. சமையல் உப்பைப்போல் ஒரே மழையில் கரைந்து தீர்ந்துவிடாமலும், சுண்ணாம்பைப்போல் கரைய மறுக்காமலும் நடுத்தரமாகக் கரைவதே ஜிப்சத்தின் சிறப்பு. களர் நிலத்தைச் சீர்திருத்த வேளாண் துறையினர் ஜிப்சம் இடச் சொல்வதும் இதே காரணத்தால்தான். அவர்கள் மூட்டையில் கொண்டுவந்து இடுவதை இயற்கை கோவில்பட்டிக் கரிசலில் முன்னரே இட்டு வைத்திருக்கிறது.

பெயரே சொல்லும் செய்தி

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் இருப்பதுபோல் மண்ணுக்கும் உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறை 1975ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டு முறையை இந்திய மண்ணியலாரும் பின்பற்றுகின்றனர். அதில் இன்று 12 பெரும் பிரிவுகள் உள்ளன. கோவில்பட்டி மண்ணுக்கு இம்முறைப்படி ‘ஜிப்சிக் ஹாப்ளஸ்டர்ட்’ என்று பெயர். வாயில் நுழையாத பெயர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பின்னாலிருந்து பிரித்துப் படித்தால் எளிதில் விளங்கும்.

‘எர்ட்’ என்பது வெர்ட்டிசால் என்னும் பெரும் பிரிவைக் குறிக்கும். புரட்டுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. வெடிப்புகளில் மேல்மண் விழுவதும், கீழ்மண் உப்பி எழுவதுமாக மண் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது என்பது கருத்து. இப்பிரிவில் சேர, மண்ணில் குறைந்தது 30 விழுக்காடு களிமண் இருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் வெடித்து மூட வேண்டும். பாளங்கள் ஒன்றோடொன்று உராய்ந்த பளபளப்பான தளங்கள் போன்ற அடையாளங்கள் ஆழத்தில் தென்பட வேண்டும். ‘உஸ்ட்’ என்பது ஈரம் குறைந்த, ஆனால் பயிர்ப் பருவத்தில் ஓரளவு ஈரம் கிடைக்கும் நிலத்தைக் குறிக்கும். ‘ஹாப்ள்’ என்றால் எளிய அமைப்பு. முன்னால் நிற்கும் ‘ஜிப்சிக்’, மண்ணுக்குள் ஒரு ஜிப்சப் படலம் உண்டு என்று அறிவிக்கிறது.

அப்படலத்துக்கும் கணக்கு உண்டு. பருமன் குறைந்தது 15 சென்டிமீட்டர். ஜிப்சம் எடையில் குறைந்தது 5 விழுக்காடு. அத்துடன், சென்டிமீட்டரில் உள்ள பருமனையும் விழுக்காட்டையும் பெருக்கினால் 150க்குக் குறையக்கூடாது. 5 விழுக்காடே ஜிப்சம் உள்ள படலம் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஜிப்சம் இருந்தால் மட்டும் ஒரு மண் நல்ல மண் ஆகிவிடாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வெண்மணல் பாலை ஒன்று உள்ளது. அதன் குன்றுகள் முழுவதும் ஜிப்சத் துகள்களே. அங்கே பயிர் ஏது? களிமண் அடித்தளமாக இருந்து, ஜிப்சம் அளவோடு சேர்ந்ததே கோவில்பட்டிக் கரிசலின் நற்பேறு.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளில் அரை லிட்டர் மழைநீரும், ஒரு தேக்கரண்டி கரிசல் மண்ணும் இடுங்கள். முதல் புட்டியை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும், மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி கரும்பலகைச் சுண்ணக்கட்டித் தூளும் சேருங்கள். (சுண்ணக்கட்டியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட். நுரைக்காத ஜிப்சக் கட்டியே இச்சோதனைக்கு உதவும்.) மூன்றையும் நன்றாகக் குலுக்கி ஓரிடத்தில் அசையாமல் வையுங்கள்.

ஜிப்சம் இட்ட நீர் விரைவில் தெளியும். சோடா இட்ட நீர் நெடுநேரம் கலங்கலாகவே இருக்கும். எதுவும் இடாத முதல் புட்டியும் விரைவில் தெளிந்தால், உங்கள் மண்ணிலேயே களியைத் திரட்டும் உப்பு இருக்கிறது என்று ஊகிக்கலாம். அது ஜிப்சம்தானா என்பதை மண் பரிசோதனை நிலையமே உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது புட்டி நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. சில ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருக்கும். அத்தகைய நீரை ஆண்டுதோறும் பாய்ச்சினால், ஜிப்சம் தரும் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து வீணாகும். இயற்கை நெடுங்காலம் சேர்த்த இருப்பு கரைந்து தீர்ந்தால், மண்ணைக் காக்க உள்ளே ஆள் இல்லை. கரிசலில் புதிதாகக் கிணறு தோண்டுபவர் நீரின் அளவை மட்டும் பார்த்தால் போதாது; தன்மையையும் சோதிக்க வேண்டும்.

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. மானாவாரிப் பயிர்களுக்கு ஏற்ற விதைகளை அது உழவர்களுக்கு அளித்துள்ளது. நல்ல விதையும் மழையும் பயன்தர வேண்டுமானால், அந்த மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழி திறந்திருக்க வேண்டும். கரிசலில் அவ்வழியைத் திறந்து வைத்திருப்பது நகத்தால் கீறினாலே கோடு விழும் மென்மையான ஒரு படிகம். அடுத்த முறை வெட்டிய குழி ஒன்றின் அருகே நின்றால், மேலே கறுப்பு, நடுவே சுக்கான்கல், அடியில் மினுமினுக்கும் படிகம் என்ற வரிசை தெரிகிறதா என்று உற்றுப் பாருங்கள்.