அசிட்டோனில் கரைந்து வரும் எனுகு

தள்ளி நின்று பார்த்தால் அது சாதாரண வரவேற்பறை. ஒரு மேசை, நாற்காலிகள், உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கிட்டே போனால் கண் தடுமாறுகிறது. அவள் உடையிலும் சுவரிலும் தரையிலும் சின்னச் சின்னப் புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கல்யாணக் கூட்டம், பாப் பாடகர்கள், ராணுவ உடுப்பில் ஆட்சியாளர்கள், குடும்ப ஆல்பத்திலிருந்து எடுத்த முகங்கள். தூரிகை எங்கே நின்றது, புகைப்படம் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நிஜெடெகா அகுனியிலி கிராஸ்பியின் ஓவியங்கள் பெரும்பாலும் இப்படித்தான். நைஜீரியாவின் நிலக்கரி நகரமான எனுகுவில் 1983-இல் பிறந்தவர். அம்மா டோரா அகுனியிலி மருந்தியல் பேராசிரியர். நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவராக இருந்து போலி மருந்து வியாபாரிகளை எதிர்த்து நின்றவர். மகள் 1999-இல், 16 வயதில், அமெரிக்காவுக்குப் போனார். அங்கேயே படித்து, ஓவியரானார். இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறார்.

அந்தப் புகைப்படங்களில் பெரும்பாலானவை வெட்டி ஒட்டியவை அல்ல. அவை தாளுக்குள் இறங்கியவை. இதன் பின்னால் இருக்கும் வேதியியல் எளிமையானது. ஜெராக்ஸ் இயந்திரத்தின் கறுப்பு மை உண்மையில் மை அல்ல. கார்பன் கலந்த பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும். நகப்பூச்சைக் கழுவப் பயன்படும் அசிட்டோன் இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நகலை இன்னொரு தாளின் மேல் கவிழ்த்து, முதுகுப்புறம் அசிட்டோன் தடவி அழுத்தித் தேய்த்தால், இளகிய பொடி கீழ்த்தாளின் இழைகளில் போய் ஒட்டும். அசிட்டோனின் கொதிநிலை வெறும் 56 டிகிரி செல்சியஸ் என்பதால் நொடிகளில் ஆவியாகிவிடுகிறது; பொடி அங்கேயே தங்கிவிடுகிறது. எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாத அறையில்தான் செய்ய வேண்டும்.

இப்படி இறங்கும் படம் ஒருபோதும் முழுசாக வராது. கை அழுந்தின இடத்தில் கறுப்பு அடர்ந்திருக்கும், அழுந்தாத இடத்தில் வெளுத்திருக்கும். ஒரு கன்னம் வரும், காது வராது. இடம் வலமாக மாறியும் விழும். சாதாரண அச்சகத்தில் இதையெல்லாம் பிழை என்பார்கள். இந்த ஓவியங்களுக்கு உயிர் கொடுப்பதே அந்தப் பிழைதான் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால், நம் மண்டைக்குள் பழைய நாட்கள் இருப்பதும் ஏறத்தாழ இப்படித்தான்.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த போட்டோ என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தோம். 2000-ஆம் ஆண்டு கரீம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ ஆகிய மூவரும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஒலியைக் கேட்டால் பயப்பட எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்து, பயம் விழித்த கையோடு, மூளையில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த நாள் அதே ஒலிக்கு எலிகள் முன்போல அஞ்சவில்லை. நினைவைத் தட்டி எழுப்பாமல் அதே மருந்தைக் கொடுத்தபோது பயம் அப்படியே இருந்தது. இதன் பொருள் வியப்பானது. நினைவுகூரும்போது நினைவு இளகுகிறது. திரும்ப இறுகுவதற்கு மூளை புதிதாகப் புரதம் சமைக்க வேண்டியிருக்கிறது. இளகியிருக்கும் அந்த நேரத்தில் அது மாறவும் கூடும். எலியின் பயமும் மனிதரின் ஊர் ஞாபகமும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனாலும் அசிட்டோன் பட்டு இளகி, வேறொரு தாளில் வேறு மாதிரி இறுகும் கறுப்புப் பொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோதனைதான் மனசுக்கு வருகிறது.

எந்த வயதின் நினைவு அதிகம் தங்குகிறது என்பது இன்னொரு விஷயம். நடுவயது கடந்தவர்களைப் பழையதைச் சொல்லச் சொன்னால், 10 முதல் 30 வயது வரை நடந்தவையே குவிந்து வரும். ஷ்ரௌஃப், ரூபின் என்ற இரு ஆய்வாளர்கள், ஸ்பானிய மொழி பேசி அமெரிக்காவில் குடியேறிய முதியவர்களிடம் 1998-இல் வெளியான ஆய்வுக்காக இதைப் பார்த்தார்கள். முப்பதுகளின் நடுவில் குடியேறியவர்களுக்கு அந்தக் குவியல், குடியேறிய காலத்தை நோக்கித் தள்ளிப்போயிருந்தது. ஊர் மாறினால் நினைவின் மேடும் இடம் மாறுகிறது. நிஜெடெகா ஊரை விட்டது 16-இல். மேடு எழும்பத் தொடங்கும் வயதிலேயே கண்டம் மாறிப்போனார்.

ஊர் ஏக்கத்தை ஒரு காலத்தில் வியாதி என்றே எழுதி வைத்தார்கள். நாஸ்டால்ஜியா என்ற சொல்லையே, 1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற இளம் ஸ்விஸ் மருத்துவர் அந்த நோய்க்குப் பெயராகத்தான் உருவாக்கினார். வீடு திரும்புதலுக்கும் வலிக்கும் உள்ள கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது.

நிஜெடெகாவிடம் நான் காண்பது நோயல்ல, பொறுமையான வேலை. 2012-இல் வரைந்த ஓர் ஓவியத்துக்கு ஒரு முகவரியையே பெயராக வைத்தார்: 5 உமேசெபி தெரு, நியூ ஹேவன், எனுகு. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் அமெரிக்க நகரத்தின் பெயரும் நியூ ஹேவன்தான். அங்கே முதுகலை முடித்த மறு வருடம் வரைந்த படம் இது. இரண்டு ஊர், ஒரே பெயர். வேறொரு படத்தின் பெயர் ஓமோ என்ற நீலச் சலவைத்தூளை நினைவூட்டுகிறது. நைஜீரிய வீடுகளில் எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த நீலம் கண்ணில் பட்டதும் தொலைக்காட்சி விளம்பரம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மேசைகளில் மண்ணெண்ணெய் விளக்கும் வந்து உட்காரும். நைஜீரியாவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தேர்தலுக்கும் முகம் அச்சிட்ட துணி உடுத்துவார்கள். அம்மா டோரா 2011-இல் செனட் தேர்தலில் நின்றபோது அவர் முகம் பதித்த துணியும் வந்தது. 2014-இல் அம்மா காலமானார். அந்த முகத்துணி மகளின் ஓவியங்களில் தொடர்ந்து தென்படுகிறது.

ஒரு நகலை ஒருமுறைதான் சரியாக இறக்க முடியும். பொடி போய்விடும், இரண்டாம் முறை தேய்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மட்டுமே விழும். அதே முகம் மறுபடி வேண்டுமென்றால் புது நகல் எடுக்க வேண்டும். அதற்கு ஆல்பத்தை மறுபடி திறக்க வேண்டும்.