உஷார்! தாத்தாவின் திருமுழுக்கு ஏட்டைப் படம் பிடிக்கும் முன்...

பங்கு அலுவலகத்தில் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து காட்டுகிறார்கள். தாத்தாவின் பெயர் அகப்பட்ட சந்தோஷத்தில் பக்கம் முழுவதையும் கைப்பேசியில் எடுத்து, அன்றிரவே ஏதாவது வம்சாவளித் தளத்தில் ஏற்றிவிடத் துடிக்கிறது மனசு. கிள்ளான் லூர்து அன்னை ஆலயமோ, பிரிக்பீல்ட்ஸ் ஃபாத்திமா அன்னை ஆலயமோ, உங்கள் பங்கு எதுவானாலும் சரி, ஏற்றாதீர்கள்!

முதல் காரணம் விசுவாசம். வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் 2008 ஏப்ரல் 5 தேதியிட்ட கடிதத்தில் உலகெங்குமுள்ள ஆயர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது: யூட்டா வம்சாவளிச் சங்கம் பங்குப் பதிவேடுகளைப் படமெடுக்கவோ கணினியில் ஏற்றவோ இடம் கொடுக்காதீர்கள். 1894-இல் தொடங்கிய அந்தச் சங்கம் அமெரிக்காவின் மோர்மோன் சபையைச் சேர்ந்தது. இன்று ஃபேமிலிசர்ச் என்ற பெயரில் இயங்குகிறது, அதுவும் இலவசமாக. இலவசம் என்றால் நமக்கு வேறென்ன வேண்டும்!

பதிவேட்டுப் பெயர்கள் அவர்களுக்கு எதற்கு? இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் நீரில் மூழ்கி எழுந்தால் அந்த ஞானஸ்நானம் இறந்தவருக்குக் கிடைக்கும் என்பது மோர்மோன்களின் நம்பிக்கை. ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. ஆனால் ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி கண்மூடிய பாட்டிக்கு, அவர் கேட்காத ஒரு சடங்கு எதற்கு? மோர்மோன் திருமுழுக்கு செல்லாது என்று வத்திக்கான் 2001-லேயே அறிவித்திருக்கிறது.

இந்தச் சடங்குக்குப் பெயர் கொடுக்கக் கட்டுப்பாடே இல்லையா என்றால், உண்டு. கடந்த 110 ஆண்டுக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உறவினரின் அனுமதி வேண்டும் என்பது அவர்கள் விதி. பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலர் அதற்கும் முன்னே பிறந்தவர்கள்! விதியும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களை இந்தச் சடங்குக்கு எடுப்பதில்லை என்று 1995-இல் யூத அமைப்புகளிடம் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 2012-இல் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் பெயருக்கே சடங்கு நடந்தது தெரியவந்து பெரிய சர்ச்சையானது.

மெதடிஸ்டுகளும் லூத்தரன்களும், 'வத்திக்கான் கடிதம் எங்களுக்கில்லையே' என்று நிம்மதியாகிவிட வேண்டாம். இரண்டாவது காரணம் எல்லாருக்கும் பொது. நீங்கள் எடுத்த அந்தப் பக்கத்தில் உங்கள் தாத்தா மட்டுமா இருக்கிறார்? பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோர், ஞானப்பெற்றோர், ஓரத்தில் பிற்பாடு எழுதிய திருமணக் குறிப்பு என்று பக்கத்து வீட்டார் கதையும் சேர்ந்தே வருகிறது. தத்தெடுத்த பிள்ளை, தகப்பன் பெயர் எழுதாத பிள்ளை, வேறு மதத்திலிருந்து வந்தவர், எல்லாரும் அதே ஏட்டில்தான். மதம் மாறியவரின் பெயர் வெளியே வந்தால் மலேசியாவில் என்னென்ன கிளம்பும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உயிரோடிருப்பவர் என்றால் இன்னும் ஆபத்து. நம் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம். சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஏட்டின் ஒரே வரியிலிருந்து மோசடிக்காரன் எட்டு இலக்கத்தை எழுதிவிடுவான்! 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கான சட்டம். ஆர்வத்தில் நீங்கள் ஏற்றும் படத்துக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

தேடுவதை விட வேண்டாம். பெயர், தோராயமான ஆண்டு, பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, உங்கள் முன்னோரின் பதிவுக்கு மட்டும் சான்றிதழ் கேளுங்கள். 'பதிவேடுகளை இலவசமாக ஸ்கேன் செய்து தருகிறோம்' என்று யாராவது வந்து நின்றால், பங்குத்தந்தை ஊரில் இல்லாத நேரம் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள்; மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே முழுப் பக்கத்தை ஏற்றியிருந்தால் இன்றைக்கே நீக்குங்கள், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதையும் சேர்த்து.