கணக்குப் புத்தகம் யாரிடம்?

மின்னூல், மென்பொருள், காணொளிப் பாடம், எழுத்துரு, இணையதள வார்ப்புரு போன்ற டிஜிட்டல் பொருள்களை உருவாக்கியவரே நேரடியாக விற்பது ஒரு வழி. வேறொருவர் தம் வலைத்தளத்திலோ யூடியூபிலோ அந்தப் பொருளைப் பரிந்துரைத்து, வாங்குபவரை அனுப்பிவைத்து, விற்ற பணத்தில் பங்கு பெறுவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்கு அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெயர். பரிந்துரைப்பவர் அஃபிலியேட். அவருக்கும் விற்பனையாளருக்கும் நடுவில் இருந்து லிங்க் கொடுத்து, விற்பனையைப் பதிந்து, பணத்தைப் பிரித்துத் தரும் நிறுவனம் நெட்வொர்க்.

அமேசான் 1996 ஜூலையில் புத்தக விற்பனைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1998-இல், கிளிக்பேங்க், கமிஷன் ஜங்ஷன் ஆகிய இரண்டு நெட்வொர்க்குகள் அமெரிக்காவில் தோன்றின. கமிஷன் ஜங்ஷன் எல்லாச் சரக்குக்கும் பொதுவானது. கிளிக்பேங்க், இறக்கிக்கொள்ளும் பொருள்களையே நம்பி வளர்ந்தது. டிஜிட்டல் பொருள்களின் அஃபிலியேட் உலகத்துக்கான பழக்கவழக்கங்கள் பலவும், நல்லதும் கெட்டதுமாக, அங்கே உருவானவைதான்.

அந்தப் பழக்கங்களில் முதலாவது பெரிய கமிஷன். அமேசான் மளிகைச் சரக்குக்கான கமிஷனை 2020 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் மின்னூலுக்கோ பாடத்துக்கோ 50, 75 சதவீதம் தருவது சாதாரணம். காரணம் எளியது. ஒரு கோப்பை ஆயிரம் பேருக்கு விற்றாலும் ஆயிரம் முறை தயாரிக்க வேண்டியதில்லை. கிளிக்பேங்க் பல ஆண்டுகளாக வாங்கிவந்த கட்டணம் விலையில் 7.5 சதவீதமும், அதற்கு மேல் 1 டாலரும். 47 டாலர் விலையுள்ள ஒரு மின்னூலில் இந்தக் கட்டணம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 42 டாலர் 48 சென்ட். 75 சதவீதக் கமிஷன் என்றால் அஃபிலியேட்டுக்கு 31 டாலர் 86 சென்ட். எழுதியவருக்கு 10 டாலர் 62 சென்ட். எழுதியவரைவிட மூன்று மடங்கு, விற்றுக்கொடுத்தவருக்கு. பணம் அந்தப் பக்கம் இவ்வளவு குவிந்திருப்பதால்தான் நேர்மையானவர்களோடு மற்றவர்களும் கூட்டமாக வந்து சேர்கிறார்கள்.

சிக்கலின் வேர் கமிஷன் அளவில் இல்லை, கணக்கில் இருக்கிறது. நிலத் தரகர் ஒருவர் வாங்குபவரைக் கையோடு அழைத்துப் போகிறார். பத்திரப்பதிவு அலுவலக வாசலிலேயே நின்று தரகை வாங்கிவிடுகிறார். அஃபிலியேட்டுக்கு அந்த வாசல் கிடையாது. தாம் அனுப்பிய ஆள் வாங்கினாரா, என்ன விலைக்கு வாங்கினார், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்பதெல்லாம் நெட்வொர்க்கின் திரையில் தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நெட்வொர்க்குக்கு வருமானம் விற்பனையாளரிடமிருந்து வருகிறது. கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பவர் எதிர்த் தரப்பு என்ற இந்த அமைப்பிலிருந்துதான் பெரும்பாலான மனக்குறைகள் கிளைக்கின்றன.

கணக்கு எழுதும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். லிங்கைச் சொடுக்கியவர் முதலில் நெட்வொர்க்கின் சர்வருக்குப் போகிறார். அங்கிருந்து நொடிப்பொழுதில் விற்பனைப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படுகிறார். இடையில் அவருடைய பிரௌசரில் குக்கீ என்ற சிறு குறிப்பு பதிந்துவிடுகிறது. அனுப்பியவரின் அடையாள எண் அதில் இருக்கும். பிறகு பணம் கட்டும் பக்கத்தில் அந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டு, கமிஷன் அவர் பெயரில் ஏறும். குக்கீ 30 நாள், 60 நாள் உயிரோடு இருக்கும் என்று நெட்வொர்க்குகள் விளம்பரம் செய்யும். அமேசான் தருவது 24 மணி நேரம்தான்.

இந்தச் சங்கிலி அறுபடும் இடங்கள் ஏராளம். காலையில் கைப்பேசியில் லிங்கைச் சொடுக்கியவர் இரவு மடிக்கணினியில் வாங்கினால், இரண்டும் ஒரே ஆள் என்பது குக்கீக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் செயலிகள் லிங்கைத் தம் உள்பிரௌசரிலேயே திறக்கின்றன; அங்கே விழுந்த குக்கீ, பிறகு குரோமில் போய் வாங்கும்போது கூட வராது. விளம்பரத் தடுப்பான்கள் பிரபல நெட்வொர்க்குகளின் முகவரிகளையே தடுத்துவிடுகின்றன. ஆப்பிள் 2017-இல் சஃபாரி பிரௌசரில் பின்தொடர்தலைத் தடுக்கும் வசதியைப் புகுத்தியது. 2019-இல், பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் மூலம் பதியப்படும் குக்கீகளின் ஆயுளை 7 நாளாகச் சுருக்கியது. ஐபோனில் படிப்பவர் அதிகமுள்ள தளத்துக்கு, 60 நாள் குக்கீ என்ற வாக்குறுதி பல வேளைகளில் வெறும் அச்செழுத்துதான். இவற்றில் மோசடி எதுவும் இல்லை. படிப்பவரின் தனியுரிமைக்கு நல்லதுகூட. ஆனால் இழப்பு முழுவதும் அஃபிலியேட் தலையில் விழுகிறது. இழந்தது எவ்வளவு என்று அவரால் கணக்கிடவும் முடியாது.

வேண்டுமென்றே நடக்கும் திருட்டு வேறு வகை. பெரும்பாலான நெட்வொர்க்குகளில் வாங்குவதற்கு முன் கடைசியாக விழுந்த குக்கீக்கே முழுக் கமிஷனும் போகிறது. ஒருவர் மாதக்கணக்கில் ஒரு மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்து விரிவாக எழுதுவார். படித்தவர் வாங்க முடிவு செய்து, கடைசி நிமிடத்தில் தள்ளுபடிக் குறியீடு கிடைக்குமா என்று தேடிக் கூப்பன் தளம் ஒன்றுக்குள் நுழைவார். குறியீடு வேலை செய்யாது, ஆனால் அந்தத் தளத்தின் குக்கீ விழுந்துவிடும். உழைத்தவர் ஒருவர், கமிஷன் வேறொருவருக்கு.

2019 நவம்பரில் பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த ஹனி என்ற, கூப்பன் தேடித்தரும் பிரௌசர் நீட்சியின் மேல் எழுந்த குற்றச்சாட்டும் இதுவே. பணம் கட்டும் பக்கத்தில் ஹனியின் சிறு பெட்டியைச் சொடுக்கியதும், முன்பிருந்த அஃபிலியேட்டின் அடையாளம் மறைந்து ஹனியின் அடையாளம் ஏறுகிறது, கூப்பன் எதுவும் கிடைக்காதபோதும் அப்படியே நடக்கிறது என்று 2024 டிசம்பரில் யூடியூப் காணொளி ஒன்று விளக்கியது. அந்த நீட்சியைக் காசு வாங்கிக்கொண்டு விளம்பரப்படுத்திய யூடியூபர்களின் கமிஷனும் இப்படிப் போயிருக்கக்கூடும் என்பதுதான் கசப்பான பகுதி. வழக்குகள் தொடரப்பட்டன. 2025 மார்ச்சில் கூகுள், பயனருக்கு நேரடிப் பயன் தராமல் அஃபிலியேட் லிங்கைச் செருகும் நீட்சிகளுக்குத் தன் குரோம் கடையில் தடை விதித்தது.

லிங்கையே சொடுக்காத ஆளின் பிரௌசரில் கள்ளத்தனமாகக் குக்கீயைப் புகுத்துவதும் உண்டு. ஈபேயின் அஃபிலியேட் திட்டத்தில் முன்னணியில் இருந்த இருவர் மேல் 2010-இல் அமெரிக்காவில் இதற்காகக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் ஒப்புக்கொண்டனர், 2014-இல் சிறைத் தண்டனை பெற்றனர். கோடிக்கணக்கான டாலர் கமிஷன் போன பிறகுதான் விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது.

கமிஷன் பதிவாகிவிட்டது என்பதற்காகப் பணம் வந்துவிட்டதாகவும் கொள்ள முடியாது. கிளிக்பேங்க் போன்ற இடங்களில் வாங்கியவர் 60 நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது வழக்கமான விதி. புத்தகக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புத்தகமாவது அலமாரிக்கு வரும். மின்னூலில் பணம் திரும்பிவிடும், கோப்பு வாங்கியவரிடமே தங்கிவிடும். ரீஃபண்ட் ஆனவுடன் அஃபிலியேட் கணக்கிலிருந்து கமிஷனும் கழிக்கப்படும். விளம்பரத்துக்குக் கைக்காசு செலவழித்தவருக்கு அந்தச் செலவு திரும்பாது. ஒரு பொருளுக்கு எத்தனை ரீஃபண்ட் வருகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால் தப்பிக்கலாம். கிளிக்பேங்க் சந்தையில் கண்ணில் படும் முக்கிய எண்ணோ ‘கிராவிட்டி’. கடந்த 12 வாரங்களில் எத்தனை அஃபிலியேட்டுகள் அந்தப் பொருளை விற்றார்கள் என்பதை, அண்மை விற்பனைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துச் சொல்லும் அளவு அது. கூட்டம் எங்கே என்று அது காட்டும். சரக்கு நல்லதா என்று காட்டாது.

பணத்தைக் கையில் பெறும் விதிகளும் புதியவர்களைச் சோதிப்பவை. கிளிக்பேங்கில் நீண்ட காலம் இருந்த ஒரு விதிப்படி, முதல் தொகை வருவதற்குக் குறைந்தது 5 வெவ்வேறு கார்டுகளில் விற்பனை நடந்திருக்க வேண்டும். அதிலும் இரண்டு வகைக் கட்டண முறைகள் இருக்க வேண்டும். தம் லிங்கில் தாமே வாங்குபவர்களைத் தடுக்கத்தான் அது. ஆனால் நேர்மையாக நாலு விற்றவருக்கும் காசு வரவில்லை. 90 நாள் விற்பனை இல்லாவிட்டால் கணக்கிலுள்ள இருப்பிலிருந்து பணம் வழங்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 டாலர், 180 நாளுக்குப் பிறகு 5 டாலர், ஓராண்டுக்குப் பிறகு 50 டாலர் என்று பராமரிப்புக் கட்டணமும் கழிக்கப்பட்டது. சிறு தொகையோடு ஒதுங்கியவர்களின் கணக்கு அப்படியே கரைந்தது.

விதிகளை ஒரு தரப்பே மாற்றலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஆப்பிள் 2018 அக்டோபர் 1 முதல் தன் அஃபிலியேட் திட்டத்திலிருந்து செயலிகளை நீக்கிவிட்டது. ஐபோன் விளையாட்டுகளை விமர்சித்து, அந்தக் கமிஷனில் வாழ்ந்துவந்த தளங்களுக்குக் கிடைத்தது சுமார் இரண்டு மாத முன்னறிவிப்பு. நெட்வொர்க்கே மறைந்துபோவதும் உண்டு. கூகுள் தன் அஃபிலியேட் நெட்வொர்க்கை 2013-இல் மூடியது. 2000-இல் தொடங்கிய ஷேர்எசேல், 2017-இல் ஆவின் (Awin) என்ற இன்னொரு நெட்வொர்க்கிடம் போய், 2025-இல் அதனுள் கரைந்தது. ஒவ்வொரு முறையும் பழைய கட்டுரைகளில் உள்ள நூற்றுக்கணக்கான லிங்குகளை ஒவ்வொன்றாக மாற்றும் வேலை அஃபிலியேட்டுக்கு வந்து சேர்கிறது. மாற்றாத லிங்க், காசில்லாத விளம்பரம்.

விற்பனையாளர் நிலையும் சுகமாக இல்லை. அவருடைய பொருளின் பெயரையே கூகுளில் விளம்பரமாக வாங்கி, எப்படியும் வாங்க வந்தவரை வழிமறித்துக் கமிஷன் கேட்பவர்கள் உண்டு. இன்ன பாடம் மோசடியா என்று தலைப்பிட்டு, பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், இறுதியில் இல்லை, அருமை என்று முடித்து லிங்க் வைப்பவர்கள் உண்டு. திருட்டுக் கார்டில் தம் லிங்க் வழியாகவே வாங்குபவர்களும் உண்டு; கார்டின் உரிமையாளர் வங்கியில் புகார் செய்ததும் தொகையோடு அபராதமும் விற்பனையாளரிடமிருந்து போகும்.

பணத்தை வசூலிக்கும் நிறுவனம் விழுந்தால் இரு தரப்பும் விழுகின்றன. மென்பொருள் விற்பனையில் பெரும்பெயராக இருந்த டிஜிட்டல் ரிவர், 1994-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கியது. ரெக்நவ், ஷேர்இட் ஆகிய சேவைகளைப் பின்னர் விழுங்கியது. 2024-இல் அது சிறு மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றுக்கு மாதக்கணக்கில் பணம் தரவில்லை. 2025 தொடக்கத்தில் அதன் ஜெர்மன் கிளை திவால் நடவடிக்கைக்குள் போனது, அமெரிக்க நிறுவனமும் கடையைக் கட்டியது. வாங்கியவர்கள் பணம் கட்டியிருந்தார்கள். எழுதியவர்கள் மென்பொருளைக் கொடுத்திருந்தார்கள். நடுவில் இருந்த பணம்தான் இல்லை.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு நெட்வொர்க்கில் சேருபவர், தாம் அமெரிக்கர் அல்லர் என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தைத் தர வேண்டியிருக்கும்; தராவிட்டால் தொகை நிறுத்திவைக்கப்படலாம். பேபால் இந்தியாவுக்குள்ளான பணப்பரிமாற்றத்தை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டாலும், வெளிநாட்டுப் பணம் அதன் வழியாக வருகிறது. ரூபாயாக மாறும்போது பேபால் வைக்கும் மாற்று விகிதத்தில் ஒரு பகுதி குறையும். இந்திய நிறுவனம் தரும் கமிஷன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீத வரி பிடித்தம் உண்டு. பிடித்தம் எரிச்சலூட்டினாலும், அது வருமான வரித் துறையின் பதிவில் அஃபிலியேட்டின் பான் எண்ணில் ஏறுகிறது. நெட்வொர்க்கின் திரையைத் தவிர வேறு இடத்தில் கிடைக்கும் அரிய சான்று அது.

சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, விற்பனை நடந்து எத்தனை நாளில் பணம் வரும், ரீஃபண்ட் காலம் எவ்வளவு, கணக்கை மூடினால் மிச்சத் தொகை என்ன ஆகும். வேறொரு கருவியிலிருந்து தம் லிங்கில் ஒரு விற்பனையைச் சோதித்துப் பார்க்க நெட்வொர்க் அனுமதிக்கிறதா என்றும் கேட்டுவிடலாம். சொடுக்குகளைத் தாமே எண்ணும் ஒரு கருவியைத் தம் தளத்தில் வைத்துக்கொண்டால், நெட்வொர்க் காட்டும் எண்ணோடு ஒப்பிடவாவது முடியும். மொத்த வருமானமும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பது ஆபத்து.

இந்தியாவில் அஃபிலியேட் என்ற பெயரில் நடக்கும் இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பாடத் தொகுப்பை வாங்கினால்தான் அதையே அடுத்தவருக்கு விற்கும் உரிமை கிடைக்கும், அவர் இன்னொருவரைச் சேர்த்தாலும் பங்கு வரும் என்னும் திட்டங்கள் சமூக ஊடகங்களில் நிறைய உலவுகின்றன. உண்மையான அஃபிலியேட் திட்டத்தில் சேரப் பொதுவாகக் கட்டணம் வாங்க மாட்டார்கள். ஆள் சேர்ப்பதற்குக் காசு தரும் பிரமிட் திட்டங்களை 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதித்திருக்கிறது. இப்படிப்பட்ட திட்டத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.