'ஹை' என்றால் சம்மதமா? ஜப்பானிய அன்றாடச் சொற்களின் உண்மைப் பொருள் என்ன?

புதுடெல்லி: ஜப்பானிய மொழியைக் கற்கத் தொடங்குவோர் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யும் சொற்களுள் ஒன்று 'ஹை'. இதற்கு 'ஆம்' என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால், பணியிடத்தில் ஒரு ஜப்பானியர் 'ஹை' என்று சொல்லும் எல்லா நேரங்களிலும் அவர் சம்மதம் தெரிவிப்பதாகக் கொள்ள முடியாது. அகராதி தரும் பொருளுக்கும் வழக்கில் உள்ள பொருளுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அறிந்துகொள்வது, ஜப்பானில் வேலை தேடும் இந்தியர்களுக்கு இன்றியமையாததாகிறது.

'குறிப்பிட்ட திறன் பெற்ற பணியாளர்' திட்டம் தொடர்பாக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2025 ஆகஸ்டில் பிரதமர் நரேந்திர மோடி ஜப்பான் சென்றபோது, 5 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன்சார் பணியாளர்களும் திறமையாளர்களும் அந்நாட்டுக்குச் செல்ல வழிவகுப்பது என இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. இத்திட்டத்தில் சேர, 'ஜேஎல்பிடி' எனப்படும் ஜப்பானிய மொழித் திறனறித் தேர்வில் என்4 நிலை அல்லது அதற்கு இணையான தகுதி தேவை. சொல்வளம், இலக்கணம், வாசித்தல், கேட்டல் ஆகியவற்றைச் சோதிக்கும் ஜேஎல்பிடியில் பேச்சுத்தேர்வு கிடையாது. எனவே, தேர்வில் வென்றவரும் உரையாடலில் தடுமாற வாய்ப்புண்டு.

'உம்' கொட்டும் 'ஹை'

ஜப்பானியர் உரையாடும்போது, பேசுபவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கேட்பவர் பலமுறை 'ஹை' என்பார். இவ்வாறு இடையிடையே குரல் கொடுப்பதற்கு 'ஐசுச்சி' என்று பெயர். கதை கேட்பவர் 'உம்' கொட்டுவதை இதனோடு ஒப்பிடலாம். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், தொடருங்கள்' என்பதே இதன் பொருள். விலை குறித்த பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பினர் பத்து முறை 'ஹை' என்றதை உடன்பாடாகக் கருதினால் ஏமாற்றமே மிஞ்சும்.

எதிர்மறைக் கேள்விக்கு விடை சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. 'நாளை வேலைக்கு வரவில்லையா?' என்ற கேள்விக்கு 'ஹை' என்று பதில் வந்தால், 'ஆமாம், வரவில்லை' என்று பொருள். தமிழிலும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதே இடத்தில் 'நோ' வரும். ஆகவே, ஆங்கிலத்தின் வழியாகக் கற்போர் இடறும் இந்த இடத்தில், தமிழின் வழியாகச் சிந்திப்போருக்குச் சிரமம் இல்லை.

வேண்டும், வேண்டாம்: இரண்டுக்கும் ஒரே சொல்

'டைஜோபு' என்பதற்கு 'நலம்', 'சிக்கல் இல்லை' எனப் பொருள் கூறப்படுகிறது. கீழே விழுந்தவரிடம் 'டைஜோபு?' என்று கேட்டால், 'ஒன்றும் ஆகவில்லையே?' என நலம் விசாரிப்பதாகும். ஜப்பானியக் கடைகளில் 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைகளுக்குக் கட்டணம் வசூலிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 'பை வேண்டுமா?' என்று கடைக்காரர் கேட்கும்போது 'டைஜோபு தெசு' என்றால், 'வேண்டாம்' என்று பொருள். தமிழில் 'பரவாயில்லை' என்று சொல்லி ஒன்றை மென்மையாக மறுப்பது போன்றதே இது.

முதியோர் பராமரிப்புப் பணிக்குச் செல்வோர் இச்சொல்லில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 'வலிக்கிறதா?' என்ற கேள்விக்கு ஒரு மூதாட்டி 'டைஜோபு' என்கிறார் எனக் கொள்வோம். அது வலி இல்லை என்பதாக இருக்கலாம். உங்களுக்குத் தொல்லை தர விரும்பவில்லை என்பதாகவும் இருக்கலாம். பிறருக்குச் சிரமம் கொடுக்கத் தயங்கும் இப்பண்பை ஜப்பானியர் 'என்ரியோ' என்பர். முகத்தைப் பார்த்து மீண்டும் ஒருமுறை கேட்பதே பாதுகாப்பானது.

மன்னிப்பும் நன்றியும்

'சுமிமாசென்' என்பது மூன்று வேலைகளைச் செய்கிறது. சிறிய தவறுக்கு மன்னிப்புக் கேட்கலாம். உணவகத்தில் பணியாளரை அழைக்கலாம். தவறவிட்ட குடையை எடுத்துத் தந்தவருக்கு நன்றி சொல்லலாம். 'உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேனே' என்ற உணர்வே இந்த மூன்றிலும் பொதுவாக உள்ளது. எனினும், பணியில் பெரிய பிழை நேர்ந்துவிட்டால் இச்சொல் போதாது. அங்கு 'மோஷிவாகே அரிமாசென்' என்பதே முறை. 'சொல்வதற்குச் சமாதானம் ஏதும் இல்லை' என்பது அதன் நேர்ப்பொருள்.

சொல்லாமல் சொல்லும் மறுப்பு

'சொட்டோ' என்பதற்கு 'கொஞ்சம்' என்று பொருள். 'ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?' என்று கேட்கும்போது, 'ஞாயிற்றுக்கிழமை சொட்டோ...' என இழுத்து நிறுத்தினால், அது மறுப்பு. காரணத்தைத் துருவிக் கேட்பது நாகரிகம் ஆகாது. அலுவல் உரையாடலில் 'முசுகஷீ', அதாவது 'கடினம்' என்பதும் பெரும்பாலும் 'இயலாது' என்பதையே குறிக்கும். 'கென்ட்டோ ஷிமாசு' என்றால் 'பரிசீலிக்கிறோம்' என்று பொருள். உண்மையிலேயே பரிசீலிப்பதும் உண்டு. பணிவாகத் தட்டிக்கழிப்பதும் உண்டு. எப்போது பதில் கிடைக்கும் என்று நாள் குறித்துக் கேட்டால் எது என்பது ஓரளவு புலப்படும்.

யாரை எப்படி அழைப்பது?

அகராதியில் 'அனத்தா' என்பதற்கு 'நீங்கள்' என்றிருக்கும். அதை நம்பி மேலாளரை 'அனத்தா' என்று அழைப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். பெயருடன் 'சான்' சேர்த்தோ, துறைத் தலைவரைப் 'புச்சோ' என்பதுபோல் பதவிப் பெயராலோ அழைக்க வேண்டும். தன் பெயருடன் 'சான்' சேர்த்துக்கொள்ளக் கூடாது.

தமிழ் வழக்கிலிருந்து மாறுபடும் இடமும் ஒன்றுண்டு. வெளி நிறுவனத்தாரிடம் பேசும்போது தம் மேலதிகாரியைக் குறிப்பிட நேர்ந்தால், 'சான்' இல்லாமல் பெயரை மட்டும் சொல்வதே ஜப்பானிய முறை. தம்மவரைத் தாழ்த்தி, எதிரில் இருப்பவரை உயர்த்துவது இதன் நோக்கம். அதேபோல், பணி முடிந்ததும் சக ஊழியர்களிடமும் மேலதிகாரியிடமும் 'ஒட்சுகரேசாமா தெசு' எனலாம். ஆனால், 'கொகுரோசாமா' என்பது மேலிடத்தில் இருப்பவர் கீழே பணிபுரிவோரைப் பாராட்டும் சொல். அதை மேலதிகாரியிடம் சொல்லக் கூடாது.

கற்போர் செய்ய வேண்டியது என்ன?

ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு பொருளை எழுதி மனப்பாடம் செய்வதைவிட, யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது பலன் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, புரியாத கட்டளைக்கு 'ஹை' என்று தலையாட்டக் கூடாது. இயந்திரம் இயங்கும் தொழிற்கூடத்திலும், மருந்து கொடுக்கும் பராமரிப்பு இல்லத்திலும் அது விபத்தில் முடியக்கூடும். 'மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாசு', அதாவது 'தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்கலாம். பின்னர், கேட்ட கட்டளையை அப்படியே திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளலாம். 'ஃபுகுஷோ' எனப்படும் இவ்வழக்கம் ஜப்பானியப் பணியிடங்களில் ஏற்கெனவே உள்ளதுதான். எனவே, மீண்டும் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.