கெட்ட பாற்பொருள்களை அழிப்பது ஏன்?

புளித்துத் திரிந்த பாலையும் பூசணம் பிடித்த பால்கோவாவையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி கைப்பற்றி அழிக்கும்போது, "இவ்வளவையும் வீணாக்குவதா? நன்றாகக் காய்ச்சினால் போதாதா?" என்று சுற்றி நிற்போர் கேட்பது இயல்பே. ஊராட்சி உறுப்பினரிடமும் இக்கேள்வி வந்து சேரும்.

காய்ச்சினால் போதாது. கொதி வெப்பத்தில் பெரும்பாலான கிருமிகள் மடிவது மெய்தான். ஆயினும் ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் கிருமி பாலில் பெருகியபோது கக்கிய நஞ்சு, கொதித்த பின்னும் அழியாது நிற்கும். மடிநோய் கண்ட பசுவிடமிருந்தும், கறப்பவர் கையிலுள்ள சீழ்ப்புண்ணிலிருந்தும் இக்கிருமி பாலில் சேருகிறது. தயிரும் புளிப்புத்தானே என்பார் உளர். தயிரை உறையச் செய்யும் கிருமி வேறு, இது வேறு.

2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் நிகழ்ந்ததைப் பாருங்கள். ஹொக்கைடோவிலுள்ள ஒரு தொழிற்சாலையில் மின்சாரம் தடைப்பட்டு, பால் சில மணி நேரம் குளிர்ச்சியின்றிக் கிடந்தது. பின்னர் அதைச் சூடாக்கிப் பால்மாவாக்கினார்கள். கிருமி செத்தது, நஞ்சு சாகவில்லை. அந்த மாவைச் சேர்த்துத் தயாரித்த பாலை அருந்திய 13,000 பேருக்கு மேல் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர்.

நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. விரைவில் கெடக்கூடிய பொருள், உண்ணத் தகாத அளவுக்குக் கெட்டுவிட்டதென்று அதிகாரி திருப்தியடைந்தால், உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்த பின்னரே அழிக்கலாம். ஆய்வு தேவைப்படின் மாதிரி எடுத்து, நான்கு பகுதிகளாக்கி முத்திரையிடுவார். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். தக்க காரணமின்றித் தொல்லை தரும் வகையில் கைப்பற்றும் அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இதை வியாபாரிகள் பலர் அறியார்.

எங்கே கொட்டுவது என்பதே ஊராட்சி முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம். வெண்மையைக் கண்டு தீங்கற்றதென எண்ணி, பாலை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றிவிடுகிறார்கள். பால் சிதையும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். இவ்வகையில் அது சாக்கடை நீரைவிடச் சில நூறு மடங்கு கொடியது. மீன்கள் மூச்சின்றிச் செத்து மிதக்கும். ஆகவே கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டாத மேட்டு நிலத்தில், நாய்கள் தோண்ட இயலாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்து, சுண்ணாம்பு தூவி மண்ணிட்டு மூடுவதே நன்று. இதற்கேற்ற இடமொன்றை ஊராட்சி முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால், அதிகாரி வந்த அன்று இடந்தேடி அலைய வேண்டியிராது.