டாக்டருக்குப் பின்னால் காக்கி

சுகாதார அதிகாரிக்குச் சீருடையில் உதவியாளர் என்பது அமெரிக்க வழக்கம். அங்கே சர்ஜன் ஜெனரலே கடற்படைப் பாணி உடையில் வருவார். கோப்பு, பயணம், சந்திப்புகளைக் கவனிக்கச் சீருடையிலேயே ஓர் அதிகாரி உண்டு. மும்பை மாநகராட்சிக்கு அந்த வசதி இல்லை. கொள்ளைநோய் வந்தால் காக்கியைக் கடன் வாங்க வேண்டியதுதான்.

2020 ஏப்ரல் 1-ல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி தென்பட்டார். மாஹிம், தாதர், தாராவி மூன்றும் அடங்கிய ஜி-வடக்கு வார்டின் உதவி ஆணையர் கிரண் திகாவ்கரின் ஊழியர்கள் களத்தில் இறங்கினர். போலீஸார் சால்களின் சந்துகளை அடைத்துக் காவல் நின்றனர். ஆனால் கதவைத் தட்டியவர்களில் மாஹிம்-தாராவி மருத்துவர் சங்க டாக்டர்களும் இருந்தனர். ஜனங்களுக்குப் பழகிய முகங்கள். கவச உடைக்குள் வெயில் வாட்டியதும், வீடு வீடாகப் போவதை விட்டுக் காய்ச்சல் முகாம்களுக்கு மாறினார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே தாராவியைப் பாராட்டியது.

1897 பிளேக் காலத்தில் வரிசை தலைகீழ். பம்பாய் பிளேக் குழுவின் தலைவரே ராணுவத் தளபதி கட்டாக்கர்தான். சோதனைக்குப் பயந்து ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். புனேயில் சிப்பாய்களே வீடு புகுந்தனர். ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்டும், பின் வண்டியில் வந்த லெப்டினன்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டனர். அந்த ஆண்டு பிறந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் மகாராஷ்டிர அரசு 2020-லும் கையில் எடுத்தது.

தடுப்புகளின் ஓரம் நின்ற காக்கியையும் கிருமி விடவில்லை. தாராவி காவல் நிலையத்தில் பலருக்குத் தொற்று கண்டது.